இன்ஜின் எப்படி நின்றது?

தண்ணீரில் மாட்டிக்கொண்டு எனக்குப் போன் செய்பவர்கள் முதலில் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணே, இன்ஜின் நின்னுபோச்சு." நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான். "நங்கூரம் போட்டியா?" போட்டிருக்க மாட்டார்கள். கவரைக் கழற்றி வைத்துவிட்டு, கையில் ஸ்பேனரோடு, படகு எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்றே பார்க்காமல் நிற்பார்கள்.

படகின் பின்பலகையில் வெளிப்பக்கமாக மாட்டும் சின்ன அவுட்போர்டு இன்ஜின்களைப் பழுது பார்ப்பதுதான் 23 வருடமாக என் தொழில். எனக்கென்று 16 அடி ஃபைபர் படகு ஒன்றும், 15 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் மோட்டார் ஒன்றும் உண்டு. என்னிடம் கட்டி இழுத்து வரப்படும் இன்ஜின்களில் பாதிக்கு மேல் உண்மையில் கெட்டுப்போனவை அல்ல. பெட்ரோல் போய்ச் சேர்ந்திருக்காது, அல்லது இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஏறியிருக்காது, அல்லது ஒரு கிளிப் கழன்றிருக்கும். எங்கே பார்ப்பது என்று தெரிந்திருந்தால் நின்ற இடத்திலேயே பத்து நிமிடத்தில் சரிசெய்திருக்கலாம். அந்த "எங்கே" என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கவரைத் தொடுவதற்கு முன்

இன்ஜின் நின்றாலும் படகு நிற்பதில்லை. காற்றும் நீரோட்டமும் சேர்ந்து மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளினாலே, நீங்கள் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கும் 20 நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் போயிருப்பீர்கள். அந்த ஒரு கிலோமீட்டரில் பாறை இருக்கலாம், அலை உடையும் இடம் இருக்கலாம், பெரிய கப்பல் போகும் பாதை இருக்கலாம். அதனால் முதலில் நங்கூரம்.

நங்கூரத்தை அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், கட்டி இறக்குங்கள். இன்ஜின் பக்கம் கட்டக் கூடாது. பின்பலகைதான் படகிலேயே தாழ்வான இடம். அங்கே கட்டினால் ஒவ்வொரு அலையும் அதைத் தாண்டி உள்ளே வரும். கயிறு ஆழத்தைப் போலக் குறைந்தது ஐந்து மடங்காவது வெளியே போகட்டும். செங்குத்தாகத் தொங்கும் நங்கூரம் பிடிக்காது. அடி எட்டாத ஆழமென்றால் ஒரு பக்கெட்டைக் கயிற்றில் கட்டி அணியத்திலிருந்து போடுங்கள். அது படகை நிறுத்தாதுதான், ஆனால் முகத்தை அலைக்கு நேராகத் திருப்பி வைக்கும், நகர்வையும் குறைக்கும். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி வைத்திருந்தால் எல்லோரும் மாட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு நிமிடம் உட்காருங்கள்.

அந்த ஒரு நிமிடத்தில் யோசிக்க வேண்டியது ஒன்றுதான். இன்ஜின் எப்படி நின்றது?

விளக்கை அணைத்ததுபோல் டக்கென்று நின்றதா? அப்படியானால் மின்சாரம். முக்கால்வாசி நேரம் கில் ஸ்விட்ச்தான், அதாவது கிளிப் கழன்றால் இன்ஜினை அணைத்துவிடும் ஸ்விட்ச். ஏறி இறங்கி, மூச்சு வாங்கி, துடுக் துடுக்கென்று திணறி நின்றதா? பெட்ரோல். வேகம் தானாகக் குறைந்து, அலாரம் அடித்து, ரப்பர் கருகும் வாடையோடு நின்றதா? சூடு. இன்ஜின் நிற்கவே இல்லை, கத்துகிறது, ஆனால் படகு நகரவில்லையா? ப்ரொப்பெல்லர். இந்த நான்கில் எது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. கூட வந்தவர்களையும் கேளுங்கள். கைப்பிடியைப் பிடித்திருப்பவர் கவனிக்காத சத்தத்தை அவர்கள் கேட்டிருக்கலாம்.

டக்கென்று நின்றால்

இது சீக்கிரம் முடிந்துவிடும். ஓட்டுபவரின் மணிக்கட்டிலோ இடுப்பிலோ மாட்டும் சிவப்புக் கயிற்றின் கிளிப் கில் ஸ்விட்சில் அதன் இடத்தில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா? கால்பட்டோ வலைபட்டோ அரைகுறையாகக் கழன்றிருக்கும். கியர் நியூட்ரலில் இருக்கிறதா? பெரும்பாலான இன்ஜின்கள் கியரில் ஸ்டார்ட் ஆக விடாது. செல்ஃப் ஸ்டார்ட் இன்ஜின் என்றால் பேட்டரி முனைகளைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் இறுக்குங்கள், பச்சை பூத்திருந்தால் சுரண்டுங்கள். ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர் மாற்றுங்கள். கம்பி வைத்துக் கட்டாதீர்கள்.

கில் ஸ்விட்ச் கிளிப் ஒன்று உபரியாகப் படகில் இருக்கட்டும். ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் கிளிப்பும் அவரோடு போய்விடும். படகில் மிச்சம் இருப்பவர் இன்ஜினை ஸ்டார்ட் செய்து அவரிடம் திரும்பி வர அந்த இரண்டாவது கிளிப் வேண்டும். இதை நான் யாருக்கு இன்ஜின் திருப்பிக் கொடுத்தாலும் சொல்லாமல் விடுவதில்லை.

திணறி நின்றால்

எட்டு வருடத்துக்கு முன் ஒரு மாலையில் என் சொந்த இன்ஜின் இப்படி நின்றது. ஸ்டார்ட் செய்தால் ஐந்து நிமிடம் நன்றாக ஓடும், அப்புறம் திணறும், நிற்கும். பிளக்குகளைக் கழற்றித் துடைத்தேன். ஓடியது. ஐந்து நிமிடத்தில் மறுபடி நின்றது. ஃபில்டரைக் கழற்றி ஊதினேன். ஓடியது, மறுபடி நின்றது. மூன்றாவது முறை கார்புரேட்டரில் கை வைக்கப் போனபோது, டேங்க் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் சொன்னாள்: "அப்பா, இந்த உருண்டை ஏன் சப்பையா இருக்கு?"

டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் போகும் ஹோஸின் நடுவே, கையால் அழுத்திப் பெட்ரோலை ஏற்றுவதற்காக இருக்கும் ரப்பர் பல்பைத்தான் சொன்னாள். அது காய்ந்த பழம்போல உள்ளே ஒட்டிப்போயிருந்தது. டேங்க் மூடியில் காற்றுக்கென்று இருக்கும் சின்ன திருகைத் திறந்தேன். உஸ் என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டது. பல்ப் மெதுவாக உப்பி உருண்டையானது. அன்றைக்கு வேறு எந்தப் பழுதும் இல்லை. டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்ச உறிஞ்ச, அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி இன்ஜினின் பம்ப் தோற்றுப்போகும். சும்மா இருக்கும் நேரத்தில் கொஞ்சம் காற்று கசிந்து உள்ளே போவதால் மறுபடி ஓடும். நான் துடைத்தது ஊதியது எல்லாம் அந்தக் கொஞ்ச நேரத்தைக் கொடுத்தது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து என் கை முதலில் போவது பல்புக்குத்தான். உங்கள் கையும் அங்கேதான் போக வேண்டும். பல்பைப் பிடித்துப் பார்த்தாலே பழுது எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

பல்ப் சப்பையாக ஒட்டியிருந்தால், டேங்குக்குக் காற்று போகவில்லை, அல்லது டேங்குக்கும் பல்புக்கும் நடுவே அடைப்பு. காற்றுத் திருகைத் திறங்கள். ஹோஸ் எங்காவது மடிந்து, மிதிபட்டு, பெட்டிக்கு அடியில் நசுங்கிக் கிடக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டே போங்கள்.

எவ்வளவு அழுத்தினாலும் பல்ப் கெட்டியாகவே ஆகவில்லை என்றால், பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுக்கிறது. டேங்க் காலியாக இருக்கலாம். இன்ஜினில் மாட்டும் கனெக்டர் கிளிக் என்று விழாமல் பாதியில் நிற்கலாம். அதன் ஓரிங், அதாவது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம், தேய்ந்திருக்கலாம். ஹோஸ் கிளிப் தளர்ந்திருக்கலாம். அழுத்தும்போது எங்கே ஈரம் கசிகிறது என்று பாருங்கள். பல்பில் ஒரு அம்புக்குறி இருக்கும். அது இன்ஜின் பக்கம் காட்ட வேண்டும். அழுத்தும்போது அம்பு மேலே பார்க்கும்படி பல்பை நிமிர்த்திப் பிடித்தால் உள்ளே இருக்கும் வால்வுகள் சரியாக வேலை செய்யும். படுக்க வைத்து அழுத்தி அழுத்திக் களைத்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அழுத்தினால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது என்றால், இன்ஜினில் இருக்கும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு கிழிந்திருக்கும், அல்லது எங்கோ காற்று புகுகிறது. தண்ணீரில் இதற்குப் பெரிய வைத்தியம் இல்லை. ஆனால் ஒருவர் பல்பை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க, இன்னொருவர் மெதுவாக ஓட்டிக் கரை சேரலாம். நானே அப்படி வந்திருக்கிறேன். கை வலிக்கும், ஆனால் வந்து சேரலாம்.

பல்ப் கல்போலக் கெட்டியாக இருந்தும் இன்ஜின் திணறினால், பெட்ரோல் வாசல்வரை வந்துவிட்டது, உள்ளே போக முடியவில்லை. ஃபில்டர் கிண்ணத்தைப் பாருங்கள். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம், அதனால் அடியில் தங்கும். கிண்ணத்தைச் சாய்த்தால் கண்ணாடிக் குண்டுகள்போல அடியில் உருளும் துளிகள் தெரிந்தால் அது தண்ணீர்தான். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்திலும் ஒரு வடிகால் திருகு இருக்கும். அதைத் தளர்த்தி, ஒளி ஊடுருவும் ஒரு சின்ன பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். பாட்டிலில் இரண்டு அடுக்கு தெரிந்தால், பெட்ரோல் மட்டும் வரும்வரை பல்பை அழுத்தி வடியவிடுங்கள். வடித்ததைப் படகுக்குள் விடாதீர்கள், தண்ணீரிலும் ஊற்றாதீர்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மாதக்கணக்கில் நின்றால் தண்ணீரோடு தனியாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். போன பருவத்து பெட்ரோலோடு கிளம்பக் கூடாது என்று நான் மன்றாடுவது இதனால்தான். கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளை ஊசி முனை அளவு. பழைய பெட்ரோல் காய்ந்து பிசினாகி அதை அடைத்துவிட்டால் தண்ணீரில் ஒன்றும் செய்ய முடியாது.

கலவையைப் பற்றியும் ஒரு வார்த்தை. டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு 50:1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில். 24 லிட்டர் டேங்குக்கு 480 மில்லி. ஆயில் டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று போட்டிருக்க வேண்டும். அது தண்ணீரால் குளிரும் இன்ஜினுக்கானது, மோட்டார் சைக்கிள் ஆயில் காற்றால் குளிரும் இன்ஜினுக்கானது. ஆயில் அதிகமானால் பிளக் கறுத்து நனையும். குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், அதற்கப்புறம் பேச்சே இல்லை.

சோக்கை இழுத்துவிட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றைப் பத்துத் தடவை இழுத்தும் ஸ்டார்ட் ஆகாமல் பெட்ரோல் வாடை குப்பென்று வந்தால், இன்ஜின் பெட்ரோலைக் குடித்துவிட்டது. சோக்கை உள்ளே தள்ளி, ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திறந்து வைத்து ஏழெட்டுத் தடவை இழுங்கள். பிடித்ததும் உடனே குறையுங்கள். அதற்கும் பிடிக்காவிட்டால் பிளக்கை மாற்றுங்கள். பிளக்கை இன்ஜின் மேல் வைத்து நெருப்பு வருகிறதா என்று பார்ப்பதை நான் பட்டறையில் செய்கிறேன், படகில் செய்வதில்லை. பெட்ரோல் ஆவி நிறைந்த இடத்தில் தீப்பொறியைத் தேட வேண்டாம். புது பிளக்கைப் போட்டுவிட்டுப் பழையதைக் கரையில் வைத்து ஆராயலாம். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. வெள்ளையாக இருந்தால் இன்ஜின் சூடாகவோ பெட்ரோல் பற்றாமலோ ஓடியிருக்கிறது.

சூடாகி நின்றால்

இன்ஜினின் பின்பக்கம் ஒரு சின்ன துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருக்கும். அது நின்றால் உள்ளே குளிர்ச்சி போய்ச் சேரவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் திரும்பி அதைப் பார்ப்பதும், போகும் வழியில் அவ்வப்போது பார்ப்பதும் பழக்கமாகட்டும்.

தண்ணீர் பீய்ச்சுவது நின்றுவிட்டால் உடனே இன்ஜினை அணைத்துத் தூக்குங்கள். கீழ்ப்பகுதியில் தண்ணீர் உறிஞ்சும் சல்லடைக் கண்களைப் பாருங்கள். என் அனுபவத்தில் முதல் குற்றவாளி பிளாஸ்டிக் பை; அடுத்தது பாசி. எடுத்து வீசாதீர்கள், படகுக்குள் போடுங்கள், இல்லையென்றால் வேறொரு இன்ஜினில் போய் ஒட்டிக்கொள்ளும். சல்லடை சுத்தமாக இருந்தால் பீய்ச்சும் துளையையே பாருங்கள். உப்போ மணலோ பூச்சிக்கூடோ அடைத்திருக்கும். விறைப்பான நைலான் தூண்டில் நரம்பை ஒரு விரல் நீளம் உள்ளே விட்டுக் குத்தினால் திறந்துவிடும். கம்பி வேண்டாம், உள்ளே ரப்பர் குழாய் இருக்கிறது. 20 நிமிடம் ஆறவிடுங்கள். சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் அதன் உலோக வார்ப்பு விரிசல் விடும்.

எல்லாம் சுத்தம், ஆனாலும் தண்ணீர் வரவில்லை என்றால் இம்பெல்லர் போய்விட்டது. தண்ணீரை இன்ஜினுக்குள் இறைக்கும், உள்ளங்கைக்குள் அடங்கும் ரப்பர்ச் சக்கரம் அது, பூவிதழ்போலச் சுற்றிலும் இறக்கைகள். ஒரு தடவை கழற்றிய இம்பெல்லரில் ஆறில் இரண்டு இறக்கைகள் அடியோடு பிய்ந்திருந்தன, மிச்சம் நான்கும் ஒரே பக்கம் வளைந்து அப்படியே இறுகிப்போயிருந்தன. நகத்தால் நிமிர்த்தினால் வெடித்தது. இன்ஜினைக் கரையில் தண்ணீர் இல்லாமல் "சும்மா ஒரு தடவை" ஸ்டார்ட் செய்து பார்த்ததாகச் சொன்னார்கள். அந்தச் சில விநாடி போதும், ரப்பரை நனைத்து வழுக்க வைப்பதே அது இறைக்கும் தண்ணீர்தான். பிய்ந்த துண்டுகள் தண்ணீர்ப் பாதையில் போய் அடைக்கும் என்பதால் புதியதைப் போடும்போது அவற்றையும் தேடி எடுக்க வேண்டும். இம்பெல்லரை வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள். தண்ணீரில் மாற்றக்கூடிய பொருள் அல்ல அது. வேறு வழியில்லாவிட்டால் ஓரிரு நிமிடம் மெதுவாக ஓட்டி, அணைத்து ஆறவைத்து, மறுபடி ஓட்டி நகரலாம், ஆனால் உயிருக்கு ஆபத்து இருந்தால் மட்டும் அப்படிச் செய்யுங்கள்.

கத்துகிறது, நகரவில்லை

சிறிய இன்ஜின்களில் ப்ரொப்பெல்லரையும் தண்டையும் பிணைப்பது ஷியர் பின் என்ற மெல்லிய உலோகக் குச்சி. பாறையிலோ கட்டையிலோ அடித்தால் கியர் உடையாமல் தான் உடைந்துபோவதற்கென்றே செய்தது. உபரியாக இரண்டு மூன்றும், கூடவே நட்டு கழலாமல் பிடிக்கும் காட்டர் பின்களும் வைத்திருங்கள். ஆணியை வெட்டிப் போடுபவர்கள் உண்டு. அடுத்த தடவை அடிக்கும்போது ஆணி தாங்கிக்கொள்ளும், கியர் தாங்காது.

மாற்றும்போது முதலில் கில் ஸ்விட்ச் கிளிப்பை எடுத்துவிட்டு பிளக் மூடியையும் கழற்றி வையுங்கள். அதற்கப்புறம்தான் ப்ரொப்பெல்லரில் விரல் படலாம். இன்ஜினைத் தூக்கி, அடியில் கைவலையைப் பிடிக்கச் சொல்லுங்கள். நட்டு, வாஷர், பின் எல்லாம் நழுவினால் வலையில் விழும். குறடை ஒரு கயிற்றால் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு நான் பலி கொடுத்த குறடுகளுக்குப் பிறகு கற்றுக்கொண்டது இது.

சற்றுப் பெரிய இன்ஜின்களில் ஷியர் பின்னுக்குப் பதில் ப்ரொப்பெல்லருக்குள் ரப்பர் புஷ் இருக்கும். அது வழுக்கினால் இன்ஜின் இரையும், படகு போகாது. ஆனால் மெதுவாக ஓட்டினால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். நடக்கும் வேகத்தில் வீடு வரலாம். தண்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருந்தால் கடைசி இழைவரை வெட்டி எடுங்கள். தண்டைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் சீல் என்ற ரப்பர் வளையத்தை அந்த நரம்பு அறுத்து உள்ளே தண்ணீரை விடும். கியர் ஆயில் பால்போல வெளுத்து வந்தால் அதுதான் காரணம்.

கயிறு அறுந்தால்

இழுக்கும் கயிறு அறுந்தால் மேலே இருக்கும் ஸ்டார்ட்டர் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றி எடுங்கள். கீழே ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் தெரியும், விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். ஒரு முனையில் முடிச்சுப் போட்ட கயிற்றை அந்த வெட்டில் மாட்டி, கடிகாரம் சுற்றும் திசையில் இரண்டு சுற்றுச் சுற்றி, மறுமுனையில் ஒரு கட்டையைக் கட்டி இழுங்கள். கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள். மூடியைக் கழற்றியதும் கியரில் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் பாதுகாப்பும் போய்விடும், அதனால் நியூட்ரலா என்று இரண்டு தடவை பாருங்கள். ஓடிய பிறகு ஃப்ளைவீல் திறந்தபடி சுழலும். துண்டு, தலைமுடி, சட்டைக்கை எதுவும் அருகே போகக் கூடாது. 1909-இல் ஓலே எவின்ரூட் விற்கத் தொடங்கிய ஒன்றரைக் குதிரைத்திறன் மோட்டாரை ஃப்ளைவீல் மேல் நீட்டியிருந்த ஒரு பிடியைக் கையால் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்தார்கள். நூறு வருடம் தாண்டியும் அந்த வழி நமக்கு உதவுகிறது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

எப்போது கையை எடுப்பது

அரை மணி நேரம். அதற்குள் முடியவில்லை என்றால், வெளிச்சம் இருக்கும்போதே உதவி கேளுங்கள். விஎச்எஃப் ரேடியோ இருந்தால் 16-ஆவது சேனல். உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் உதவி வேண்டும் என்றால் "பான் பான்" என்று மூன்று தடவை. படகு மூழ்குகிறது, தீப்பிடித்தது என்றால் "மேடே" மூன்று தடவை. அடுத்து, எங்கே இருக்கிறீர்கள், எத்தனை பேர் என்று சொல்லுங்கள். ரேடியோ இல்லாவிட்டால் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக மேலும் கீழும் தூக்கி இறக்குங்கள். எந்த நாட்டுப் படகோட்டிக்கும் அது புரியும்.

என் படகில் மூடி இறுக்கமான ஒரு டப்பா இருக்கிறது. உள்ளே இரண்டு பிளக், பிளக் ஸ்பேனர், குறடு, ஸ்க்ரூடிரைவர், ஷியர் பின்கள், கில் ஸ்விட்ச் கிளிப், ஃபியூஸ், ஹோஸ் கிளிப், கனெக்டர் ஓரிங், ஒரு முழம் நைலான் நரம்பு, முடிச்சுப் போட்ட கயிறு, கையடக்க டார்ச். டப்பாவுக்கு வெளியே ஒரு ஜோடி துடுப்பு. பெட்ரோல் எப்போதும் மூன்று பங்கு: போக ஒன்று, வர ஒன்று, மூன்றாவதைத் தொடுவதில்லை.

அடுத்த முறை படகு கரையில் கட்டியிருக்கும் ஒரு சாவகாசமான காலையில் கவரைத் திறந்து, ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பாருங்கள். காற்றுத் திருகு, பல்ப், கனெக்டர், ஃபில்டர், வடிகால் திருகு, பிளக். ஒவ்வொன்றையும் கை தானாகப் போய்த் தொடும்வரை. பிறகு அவரையும் கண்ணை மூடச் சொல்லுங்கள்.